நாலு ஜி.பி. தாண்டினா முதலுக்கே மோசம்!

சி லேப்ல உட்கார்ந்திருக்கீங்களா? ஒரு 'அன்சைன்ட் இன்ட்'ல 4294967295 போட்டு, கூட ஒண்ணு கூட்டிப் பாருங்க. பூஜ்யம் வரும். நமக்கு இது வைவாவுல வர்ற ரெண்டு மார்க் கேள்வி. அமிகா வெச்சிருக்கிறவங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கே காலி!

அமிகா 1200, கமோடோர் கம்பெனி 1992-ல் விட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடக்கம். மெமரி 2 எம்.பி.தான். ஆனா கேம்ஸ், கிராஃபிக்ஸ், மியூசிக்னு ஐரோப்பாவில் பட்டையைக் கிளப்பிச்சு. 1994-ல் கமோடோர் திவால். ரசிகர்கள் விடலையே! இன்னிக்கும் தூசி தட்டி ஓட்டுறாங்க. பழைய டிஸ்க் செத்துப் போச்சுன்னா, கேமராவுல போடுற காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டை அடாப்டர் வெச்சு சொருகிடுறாங்க. 16 ஜி.பி. கார்டு. வினை அங்கேதான் ஆரம்பம்.

டிஸ்க்கில் எந்த இடத்தில் எழுதணும்னு டிரைவருக்குச் சொல்ல அமிகாவில் இருப்பது ஒரு 32 பிட் எண். அதுவும் பைட் கணக்கில். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 பைட், அதாவது 4 ஜி.பி. வந்ததும் எண் சுழன்று மறுபடி பூஜ்யம். எரர் மெசேஜ் எதுவும் வராது. கடைசி பார்ட்டிஷன்ல காப்பி ஆகுதுன்னு நீங்க நம்பிக்கிட்டு இருப்பீங்க. டேட்டா போய் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஏறும். பார்ட்டிஷன் பட்டியல் இருப்பதே அங்கேதான். மறுநாள் ஸ்விட்ச் போட்டா, பூட் ஆகாது. டிசைன் பண்ணினவங்களைத் திட்ட முடியாது. முதல் அமிகா வந்தது 1985-ல். வீட்டுக்கு 4 ஜி.பி. டிஸ்க்னு அப்போ சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க.

சரி, எண்ணைப் பெரிசாக்க வேண்டியதுதானே? ஆக்கினா பழைய சாஃப்ட்வேர் எல்லாம் படுத்துடும். அதனால ஒரு தந்திரம் பண்ணினாங்க. 'இத்தனை பைட் எழுதிட்டேன்'னு டிரைவர் பதில் எழுத ஒரு கட்டம் இருக்கு. கேள்வி போகும்போது அது சும்மாதானே கிடக்குது? முகவரியின் மேல்பாதி 32 பிட்டை அதில் ஏத்தி அனுப்பிட்டாங்க. ஆக மொத்தம் 64 பிட். இடம் இல்லாத பஸ்ஸுல டிரைவர் பக்கத்து இன்ஜின் மேல உட்கார்ற டெக்னிக்! ஆனா டிரைவருக்கு மட்டும் இது தெரிஞ்சா போதாது, ஃபைல் சிஸ்டத்துக்கும் தெரியணும்.

இன்னொரு சிக்கல். பழைய டிரைவர் குடியிருப்பது ராம்ல இல்லை, 'கிக்ஸ்டார்ட்' ரோம் சிப்ல. 1999-ல் வந்த 3.5 பதிப்பு, புது டிரைவரை டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு ஏத்திச்சு. அந்த டிஸ்க்கைப் படிக்கவே பழைய டிரைவர்தான் வேணும்! அதனால பூட் பார்ட்டிஷன் முதல் 4 ஜி.பி.க்குள்ளேயே இருக்கணும்.

2018-ல் வந்த 3.1.4 பதிப்புக்கு புது ரோம் சிப்பே உண்டு. 1200-க்கு ரெண்டு சிப், ஒவ்வொண்ணுக்கும் 40 கால். சாக்கெட்டிலோ 42 ஓட்டை. மாத்தறவங்க முதல்ல கார்டை முழுசா பேக்கப் எடுத்துக்கங்க. பழைய சிப் எந்த ஓரத்தில் ரெண்டு ஓட்டையைக் காலியா விட்டிருக்குன்னு போட்டோ எடுத்துட்டு, அப்புறம் கழட்டுங்க. மாத்திச் சொருகினா சிப் கருகிடலாம்.