ஆரணியில் அரிசிக்கா பஞ்சம்?

மார்ச் 20 வந்தா போதும், எந்த காலேஜா இருந்தாலும் ஒரே காட்சிதான். காலி வாட்டர் பாட்டிலில் ரெண்டு ஸ்பூனைச் சொருகி, உள்ளே தானியம் நிரப்பி, வேப்பமரத்தில் கட்டி, ஒரு குரூப் போட்டோ, ஒரு ஸ்டேட்டஸ். உலகச் சிட்டுக்குருவி தினம் முடிந்தது. 2010-லிருந்து கொண்டாடப்படும் இந்த நாளைத் தொடங்கி வைத்தவர் நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவர். நம்ம நாட்டில் பிறந்த நாள் என்பதில் பெருமைதான். அதைக் குறை சொல்ல வரல. ஒரே ஒரு கேள்வி: ஆரணியில் பறவைகளுக்கு அரிசிக்கா பஞ்சம்?

யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊரைச் சுற்றி எத்தனை ரைஸ் மில்! நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் சிந்திவிட்டுத்தான் போகிறது. களத்தில் நெல் காயுது. மில் வாசலில் நொய் சிதறிக் கிடக்குது. இந்த ஊருக்கு ஆன்லைனில் 'பேர்ட் சீட் மிக்ஸ்' ஆர்டர் போடுவது திருநெல்வேலிக்கு அல்வா பார்சல் அனுப்புற மாதிரி.

அந்த பாக்கெட்டே பாதி வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வந்த பழக்கம். இங்கிலாந்தில் பனிக்கால இரவைத் தாண்ட ஒரு சின்னக் குருவிக்கு நிறைய கொழுப்பு வேண்டும். அதனால் சூரியகாந்தி விதை, கொழுப்பு உருண்டை என்று வைக்கிறார்கள். நமக்கோ மே மாசம் தார் ரோடு உருகுது. ஓட்டோடு இருக்கும் சூரியகாந்தி விதையைக் கிளி உடைச்சுத் தின்னும். சில்லைக்கு அது கருங்கல்.

எந்தப் பறவைக்கு எது சாப்பாடு என்பதை அலகைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ஈஸி, அலகு ஒரு டூல். தடித்த கூம்பு அலகு விதை உடைக்க: சிட்டுக்குருவி, சில்லை. வளைந்த ஊசி அலகு பூவுக்குள் நுழைய: தேன்சிட்டு. கரிச்சான் பூச்சிக்காகக் கரண்ட் கம்பியில் காத்திருக்கும். கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும். தவிட்டுக்குருவி கூட்டம் சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடும். ஒரு நாள் கேன்டீன் பக்கம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. தானியத்தை மட்டுமே நம்பி வாழும் பறவை நம்ம கேம்பஸில் ரொம்பக் கம்மி.

அப்போ நாம கொட்டும் தானியம் யாருக்குப் போகுது? பெரும்பாலும் மாடப்புறாவுக்கு. புறாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அளவில்லாமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை இருக்கிறது. எச்சத்தால் நுரையீரல் நோய் வருகிறது என்று 2025-ல் அங்கே கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை, மூடினார்கள். தாதரில் பெரிய போராட்டமே நடந்தது. சோறு போட்டவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் போட்டார்கள்.

சரி, சிட்டுக்குருவி தானியம் தின்னுமே என்பீர்கள். பெரிய குருவி தின்னும். குஞ்சு? முட்டையிலிருந்து வந்த முதல் சில நாட்களுக்குத் தாயும் தகப்பனும் அதற்குக் கொண்டுவந்து ஊட்டுவது புழு, பூச்சி, சிலந்தி. மெத்தென்ற புரதம் இல்லாமல் குஞ்சு தேறாது. பாட்டில் நிறைய கம்பு இருந்தும் சுற்றுவட்டாரத்தில் ஒரு பச்சைப்புழு இல்லை என்றால் அந்தக் கூட்டிலிருந்து ஒன்றும் பறந்து வராது. என் வாதம் இவ்வளவுதான்: ஆரணியில் கிடைப்பதையே நாம் திரும்பக் கொடுக்கிறோம். இல்லாததைக் கொடுப்பதில்லை.

இல்லாதது என்ன? முதலில் பூச்சி. கேம்பஸ் முழுக்க மருந்தடிச்சு, புல்லை ஒட்ட வெட்டி, 'கிளீன் அண்ட் கிரீன்' என்று போர்டு வைக்கிறோம். ஹாஸ்டலுக்குத் தள்ளி, காம்பவுண்ட் சுவர் ஓரமா ஒரு மூலையை மட்டும் மருந்தில்லாமல், வெட்டாமல் விடலாமே. "பாம்பு வரும் ப்ரோ" என்பீர்கள். அதனால்தான் ஹாஸ்டலுக்குத் தள்ளி என்கிறேன்.

அடுத்தது பழம். பட்டு ஊர்க்காரங்க நாம; முசுக்கொட்டை, அதாவது மல்பெரி, நமக்குப் புதுசா? பட்டுப்புழுவுக்கு இலை வேண்டும் என்பதால் தோட்டத்தில் அதை வெட்டி வெட்டிப் புதராகவே வைப்பார்கள். வெட்டாமல் விட்டால் அது மரமாகிப் பழுக்கும். குயில், மைனா, கொண்டைக்குருவி எல்லாம் தேடி வரும். குச்சி நட்டாலே வேர் பிடிக்கும், செலவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். கூடவே ஒரு தேன்பழ மரம். தேன்சிட்டுக்கு ரெண்டு செம்பருத்தி.

மூணாவது தண்ணீர். கோடையில் தீனியை விட இதுதான் அவசரம். ரெண்டு விரல் ஆழம் உள்ள மண் சட்டி, சின்னப் பறவை நிற்க நடுவில் ஒரு கல். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தேய்ச்சுக் கழுவணும். இல்லைன்னா நாம வளர்ப்பது டெங்கு கொசு. லீவு விடும்போது சட்டியை வாட்ச்மேன் அண்ணனிடம் ஒப்படைச்சிட்டுப் போங்க.

"ராயப்பேட்டையில் கேமரா ரிப்பேர் பண்ணும் சேகர் ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு அரிசி வைத்தாரே?" என்று கேட்கலாம். வைத்தார், வணக்கத்துக்குரிய வேலை. ஆனால் கிளி தின்பதை, ஊறவைத்து, நேரம் தவறாமல், வருஷக்கணக்கா வைத்தார். நாம வைப்பது வருஷத்துக்கு ஒரு நாள்.

தானியம் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு: நொய், கம்பு, தினை போதும். பச்சரிசி வயிற்றில் வீங்கிப் பறவை செத்துடும் என்பது வெறும் வாட்ஸ்அப் கதை; சில்லை வயலில் நெல்லையே தின்னுது. நம்ம மாவட்டத்து வேர்க்கடலையும் வைக்கலாம், உப்பில்லாமல், உடைத்து. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற விஷம் இருக்கும், அதைத் தூக்கிப் போடுங்க. மிக்சர், சிப்ஸ், பிஸ்கட் வேண்டவே வேண்டாம். அவ்வளவு உப்பைப் பறவையின் சிறுநீரகம் தாங்காது. அன்றன்றைக்குத் தீரும் அளவு மட்டும் வைத்து, தட்டைக் கழுவுங்க. இங்கிலாந்தில் 2005 வாக்கில் தொடங்கிய ஒரு தொற்று, கூட்டம் கூடும் தீனித் தட்டுகள் வழியாகவும் பரவி, கிரீன்ஃபிஞ்ச் என்ற குருவியின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே தள்ளிவிட்டது.

பாட்டிலுக்குப் பதில் நம்ம தாத்தா காலத்து டிசைன் ஒன்று இருக்கிறது: அறுவடைக்குப் பின் திண்ணையில் தொங்கவிடும் நெற்கதிர்க் கொத்து. சின்னக் குருவி தொற்றிக்கொண்டு தின்னும், கனமான புறாவால் முடியாது. பிளாஸ்டிக்கும் இல்லை.

ஆகவே அடுத்த மார்ச் 20-க்கு கிளப் பொறுப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. பாட்டில் வாங்கும் காசில் பத்து மண் சட்டி வாங்குவோம். ஒர்க்‌ஷாப் பின்னாடி நாலு மல்பெரி குச்சி நடுவோம். மருந்தடிக்காத ஒரு மூலைக்குப் பிரின்சிபாலிடம் எழுத்தில் அனுமதி கேட்போம். சட்டி கழுவ முறை போட்டு ஒரு லிஸ்ட் தயார் பண்ணுங்க. முதல் வாரத்துக்கு என் பேரை எழுதிக்கோங்க.