எமக்காக யார் எழுதுவது?

உயர்தரம் முடித்து இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, பெரும்பாலான பாடநெறிகளுக்கு எமது இசட் புள்ளியையும் மாவட்டத்தையுமே பார்க்கிறார்கள். "இதை ஏன் படிக்க விரும்புகிறாய்?" என்று எவரும் கேட்பதில்லை. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எம்மவர்கள் அந்தக் கேள்வியைக் கண்டதும் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என நினைக்கிறேன்.

பிரித்தானியாவின் யூகாஸ் விண்ணப்பத்தில், 2026 ஆம் ஆண்டு அனுமதி முதல் சுயகூற்று மூன்று கேள்விகளாகக் கேட்கப்படுகிறது. இப்பாடத்தை ஏன் தெரிவு செய்தாய்? உன் கல்வி அதற்கு உன்னை எவ்வாறு தயார்படுத்தியது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய்? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட 4000 எழுத்துக்கள்தான்.

என் ராத்தா மருந்தகவியல் படிக்க விண்ணப்பித்தார். வாப்பா எங்கிருந்தோ ஒரு மாதிரிக் கூற்றைக் கொண்டு வந்தார். "சிறுவயது முதலே மனிதகுலத்துக்குச் சேவை செய்வது என் கனவு" என்று அது தொடங்கியது. அதன் கீழே யாருடைய பெயரையும் போடலாம். போதாததற்கு, அனுப்பப்படும் கூற்றுக்களை முன்னையவற்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் யூகாஸிடம் உண்டு.

எமது உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். மூன்று வருடங்களாக அவரது இரத்தத்தைச் சோதித்து, அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வருபவர் ராத்தாதான். பெருநாள் வட்டிலப்பத்துக்குப் பிறகு அளவு ஏறுவதைக் கண்டு உம்மம்மாவோடு சண்டை பிடிப்பார். ஒரு குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்பும் மற்றதைச் சாப்பாட்டோடும் ஏன் கொடுக்கிறார்கள் என்று கிளினிக்கில் கேட்டு, வீட்டுக்கு வந்து தேடிப் படித்தார். இதை எழுதச் சொன்னபோது, "சும்மா இரி, பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

செய்ததைச் செய்தேன் என்பது பெருமையல்ல. செய்யாததைச் சொல்வதுதான் தவறு. அடக்கம் என்று நாம் பழகியது சில வேளைகளில் வெறும் மௌனமாகிவிடுகிறது. கடைசியில் ராத்தா அந்தக் கொப்பியைப் பற்றியே எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் அனுப்பியது அவருடைய சொற்கள்.

தோழியரே, வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த மூன்று கேள்விகளுக்கும் ஒருமுறை பதில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால், தெரிவு செய்த பாடம் யாருடைய விருப்பம் என்பதையும் யோசியுங்கள்.

பெற்றோரே, எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தாருங்கள், எங்களுக்கு அது தேவை. ஆனால், "மகள் என்ன படிக்கப் போகிறா?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்கும்போது, பதிலை எங்களிடமே விட்டுவிடுங்கள்.