தொப்புள்கொடியும் மேடைத் தமிழும்

எமது மேடைகளில் ‘தொப்புள்கொடி உறவு’ என்ற தொடரைக் கேளாத தமிழர் இலர். பாக்குநீரிணைக்கு இருபுறமும் வாழ்வோரின் பந்தத்தைச் சொல்லவேண்டுமாயின் பேச்சாளருக்கு இத்தொடரே கைகொடுக்கிறது. கரகோஷமும் தவறாது கிடைக்கிறது. அவ்வுறவை நான் மறுக்கவில்லை. ஆயின் உண்மையான தொப்புள்கொடி ஒன்றை, அறுத்தபின் பச்சைப்பிள்ளையின் வயிற்றில் எஞ்சிநிற்கும் விரற்கடைத் துண்டை, எவ்வாறு பேணவேண்டும் என்று அதே பேச்சாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் விழிப்பார். அவரது அறியாமையில் தமிழ் கற்பிக்கும் எனக்கும் பங்குண்டு என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

கொலன்னாவையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் என் பழைய மாணவி ஒருத்தி தலைப்பிள்ளை பெற்று வீடு வந்தாள். ஆறாம் நாள் நானும் மனைவியும் பார்க்கச் சென்றோம். பிள்ளை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தது. தொப்புளில் சாம்பலும் மஞ்சளும் எண்ணெயில் குழைத்து அப்பியிருந்தார்கள். சுற்றியிருந்த தோல் சிவந்து வீங்கியிருந்தது, துர்நாற்றமும் வீசியது. “என்ரை பிள்ளையள் ஆறும் இப்பிடித்தானே வளர்ந்ததுகள், மாஸ்டர்” என்றார் பாட்டி. “வார்ட்டிலை மிஸ் என்னவோ சொன்னவ, சேர். சிங்களத்திலை வேகமாச் சொன்னவ. நான் ஓமெண்டு தலையாட்டிப்போட்டன்” என்றாள் தாய். அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். பல நாள் ஊசிமருந்தின் பின் பிள்ளை பிழைத்தது.

அந்தப் பெண்ணுக்கு உவமையையும் உருவகத்தையும் கற்பித்தவன் நான். தொப்புள்கொடியை உருவகமாக்கிக் கட்டுரை எழுதச் சொன்னால் அவள் அழகாக எழுதியிருப்பாள். அக்கொடியைப் பேண அவளுக்கு ஒரு வரியும் தெரிந்திருக்கவில்லை.

பாட்டியைப் பழித்துவிட்டு ஒதுங்குவது எளிது. ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரு சொல்லோடு கடமை முடிந்ததென்று கருதும் முற்போக்காளர் எம்மிடையே உளர். அப்பாட்டிக்குக் காரணத்தை எவர் எடுத்துரைத்தார்? கொடியினுள்ளே இரண்டு நாடிகளும் ஒரு நாளமும் உள்ளன. அந்த நாளம் பிள்ளையின் ஈரலுக்குச் செல்வது. பிறந்த சில நாள்வரை அவ்வழி முற்றாக அடைபடுவதில்லை. ஆகவே தொப்புளில் வைக்கும் அழுக்கு வயிற்றின் மேற்றோலோடு நின்றுவிடாது. குருதியிற் கலக்கும் வாயில் அதற்குத் திறந்திருக்கிறது. மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். ஏழாம் எட்டாம் நாளில் வாய் இறுகி, உடல் வில்லாய் வளைந்து மாண்ட சிசுக்களைப் ‘பேய் அடித்தது’ என்று சொல்லிப் புதைத்த காலம் ஒன்றிருந்தது.

அக்கிருமியை 1889இல் தனியே பிரித்து வளர்த்தவர் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு ஏற்பூசி போடும் திட்டம் 1969இல் தொடங்கியது. இலங்கை உட்பட்ட தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய்சேய் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இன்று இந்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளில் நிகழ்கின்றன. ஒழுங்கை ஒழுங்கையாய் நடந்து வீடுகளுக்குச் செல்லும் மருத்துவ மாதர்க்கு இவ்வெற்றியிற் பெரும்பங்குண்டு. ஆயினும் பிரசவம் வைத்தியசாலையில் நடந்தாலும் தொப்புள் உலர்வது வீட்டிலேதான். ஏற்புவலி ஒழிந்ததால் ஏனைய கிருமிகளும் ஒழிந்துவிடவில்லை.

“நாங்கள் பிழைக்கவில்லையா?” என்று கேட்போர் உண்டு. பிழைத்தவரே இக்கேள்வியைக் கேட்க முடியும். மாண்ட பிள்ளைகள் சாட்சி சொல்ல வருவதில்லை.

அறியவேண்டியதோ மிகச் சிறிது. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே பிள்ளையைத் தொடுங்கள். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர், திருநீறு எதுவும் வைக்காதீர்கள். அணைத்துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டிக் காற்றுப்பட விடுங்கள். அழுக்குப்பட்டால் சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி ஈரம் ஒற்றி எடுங்கள். கொடி ஓரிரு வாரத்தில் தானே விழும், இழுக்காதீர்கள். விழும்போது ஓரிரு துளி இரத்தம் கசிந்தால் அஞ்சவேண்டாம். மூன்று வாரம் கடந்தும் விழாவிடின் வைத்தியரிடம் காட்டுங்கள். விழுந்த இடத்தில் ஈரமான செந்நிறச் சதைமுளை தெரிந்தாலும் அவரிடமே காட்டுங்கள். அது எளிதில் ஆற்றக்கூடியது. அழும்போது தொப்புள் புடைத்தால் நாணயம் வைத்துக் கட்டுவதாற் பயனில்லை. தோல் புண்படுவதே மிச்சம். பெரும்பாலான புடைப்புகள் நான்கைந்து வயதுக்குள் தாமே அடங்கும். ஆனால் புடைப்பு இறுகி நோவெடுத்துப் பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழோ துர்நாற்றமோ வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஒரு நாழிகையும் தாமதியாதீர்கள்.

‘இது வைத்தியரின் தொழில், இலக்கிய ஏட்டில் இதற்கென்ன இடம்?’ என்று பண்டிதர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் மானிப்பாயை நினைத்துப் பார்க்கட்டும். பிரசவ அறையுள் நுழையுமுன் கைகழுவுங்கள் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் போராடிய அதே 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர். அவர் மோன்செலின் பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். 1864 முதல் தம் மாணாக்கர்க்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அந்நியர் ஒருவர் எம்மொழியைக் கற்று அதில் மகப்பேற்று நூல் அச்சிட்டு நூற்றறுபது ஆண்டுக்கு மேலாகிறது. அம்மொழியிற் பட்டம் பெற்ற நாமோ தொப்புள்கொடியை மேடை அலங்காரமாக்கி மகிழ்கிறோம்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை என் மாணவியின் கட்டிலருகே வந்துசேரவில்லை. மொழியுரிமைக்காக முழங்குவோர் பிரசவ வார்ட்டின் வாசலுக்கும் வரவேண்டும். தாய் விடைபெறும்போது அவளது மொழியில், அவளுக்கு விளங்கும் சொற்களில் நாலு வார்த்தை சொல்லப்படவேண்டும் என்று கேட்பதைவிட உயிரோடு நெருங்கிய மொழிக் கோரிக்கை வேறென்ன?

அறிவுரை மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ‘சுத்தமாகவும் ஈரமின்றியும் வைத்திருங்கள்’ என்பது எழுத எளிது. 2016 மே மாத வெள்ளத்தில் களனி ஆற்று நீர் வீட்டினுள் நின்ற கொலன்னாவையில், ஒற்றை அறையில் எட்டுப்பேர் படுக்கும் வீடுகளில், சுத்தமும் உலர்வும் காசுகொடுத்துப் பெறும் பண்டங்கள். தாய்க்கு நற்பழக்கம் போதிக்கும் சமுதாயம் அவளுக்கு வடிகாலும் குழாய்நீரும் கொடுக்கக் கடமைப்பட்டது.

பாட்டியையும் பகையாக்கத் தேவையில்லை. கடுகெண்ணெயும் மஞ்சளும் பூசும் வழக்கமிருந்த நேபாளத்தில், அவற்றை இகழ்வதோடு நில்லாமல், குளோர்ஹெக்சிடின் களிம்பைக் கையிற் கொடுத்தார்கள். சர்லாஹி மாவட்டத்து ஆய்வொன்று, அம்மருந்தால் தொப்புளைத் துடைத்த பிள்ளைகளிடையே இறப்பு ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்ததென 2006இல் காட்டியது. வைத்தியசாலைப் பிறப்பே வழக்கமாகிவிட்ட எமக்கு அக்களிம்பு வேண்டியதில்லை. அம்மக்களை மதித்த மனம் வேண்டும். பேரப்பிள்ளைக்கு ஏதேனும் செய்யத் துடிக்கும் அந்தக் கைகளுக்குச் சவர்க்காரத்தையும் சுத்தமான துணியையும் கொடுப்போம்.

என் வகுப்பில் அடுத்த தவணை ஒரு கட்டுரைப் பாடம் வைத்துள்ளேன். தலைப்பு: ‘பிறந்த பிள்ளையின் தொப்புளை எவ்வாறு பேணுவது?’ உவமைக்குப் புள்ளியில்லை. வீட்டிலுள்ள பாட்டிக்கு வாசித்துக் காட்டி, அவருக்கு விளங்கியதென்றால் முழுப்புள்ளி. ஏனைய தமிழாசிரியர்களும் இதனைச் செய்வார்களாயின், தொப்புள்கொடி உறவைப்பற்றி முழங்கும் தகுதி எமக்குச் சிறிதேனும் உண்டாகும்.