ஏழு மலைக்குத் தனி ஆளா? கயிறு யார் கையில்?

சனிக்கிழமை ராத்திரி கடையை அடைத்ததும் கோவை பஸ். ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி இறங்க வேண்டியது. அன்று ராத்திரியே திரும்பும் பஸ். திங்கட்கிழமை காலை தூத்துக்குடியில் கடை திறந்தாக வேண்டும்!

கடை வாலிபர்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் இப்படி ஒரு கணக்குப் போடுகிறார்கள். கூட வருவதாகச் சொன்ன நண்பனுக்கு லீவு கிடைக்காது. "சரி, நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பி விடுகிறார்கள். வீட்டில் கேட்டால், "கோயிலுக்கு" என்று ஒரே வார்த்தை. எப்போது ஏறுவான், எத்தனை மணிக்கு இறங்குவான், எந்த நேரம் வரை வீட்டில் காத்திருக்கலாம் - ஒன்றும் சொல்வது கிடையாது.

போவது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. வாரத்தில் ஆறு நாள் பில் எழுதுகிறவனுக்கு ஒரு நாள் மலைக்காற்று வேண்டாமா? சாமி கும்பிடப் போகிறவனைத் தடுக்கத்தான் முடியுமா? தனியாக நடப்பதில் ஒரு நிம்மதி இருப்பதும் உண்மைதான்.

கேள்வி ஒன்றே ஒன்று: கயிறு யார் கையில்?

முத்துக் குளித்தவர்கள் வழக்கம்

இந்தக் கேள்வியைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியது இல்லை. அரசு நடத்திய முத்துக் குளிப்பு இங்கே கடைசியாக நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் குளியாளி காலில் கல்லைக் கட்டிக் கொண்டு, ஐந்து முதல் பத்து பாகம் ஆழம் வரை இறங்குவார். சுமார் ஒரு நிமிடம்தான் மூச்சு. அந்த ஒரு நிமிடமும் தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார்.

அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் அக்காள், தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண்ணை மூடுவானா?

தண்ணீருக்குள் குளியாளி தனி ஆள்தான். யாரும் கூட இறங்கவில்லை. ஆனால் அவர் எங்கே இறங்கினார், எப்போது மேலே வர வேண்டும் என்று மேலே ஒருவருக்குத் தெரியும். இன்று சங்கு குளிக்கிறவர்கள் காற்றுக் குழாயோடு இறங்குகிறார்கள். அவர்களுக்கும் படகில் ஆள் உண்டு. விசைப்படகுக்குக் கூட காலை 5 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்று கணக்கு வைத்த ஊர் இது.

கடலுக்கு இவ்வளவு கணக்கு வைத்த ஊர்ப் பையன், மலைக்கு மட்டும் கணக்கு இல்லாமல் போகலாமா?

மலைக் கணக்கு வேறு

வெள்ளியங்கிரி அடிவாரம் பூண்டி. அங்கிருந்து ஏழாவது மலை வரை ஒரு வழிக்கு சுமார் 6 கிலோ மீட்டர். "இவ்வளவுதானா? பழைய பஸ் நிலையத்திலிருந்து துறைமுகம் போற தூரம் கூட இருக்காது போலிருக்கே!" என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

1892-ல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோ மீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டும். வெள்ளியங்கிரியில் ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். நடைக்கு ஒன்றே கால் மணி, ஏற்றத்துக்கு ஒன்றே முக்கால் மணி. திடகாத்திரமான ஆள் எங்கேயும் உட்காராமல் ஏறினாலே 3 மணி நேரம்! படிக்கட்டு, பாறை, சறுக்கல் என்று வரும்போது பலருக்கு 5 மணி நேரமும் ஆகும். பிறகு இறங்க வேண்டும். முழங்கால் பதம் பார்க்கப்படுவது அப்போதுதான்.

ஒரு மலையோடு முடிந்தால் களைத்தவன் இறங்கி விடுவான். ஏழு மலை என்றால், "இன்னும் ஒண்ணுதானே" என்று ஆசை இழுக்கும். பாதி தெம்பு ஏறுவதற்கு, பாதி தெம்பு இறங்குவதற்கு என்பது மறந்து போகும். போதாக்குறைக்கு முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் தூக்கம் கெட்டவன்! ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். உப்பளத்து வெயிலில் பழகிய உடம்பு, வேர்வை ஈரத்தோடு மேலே காற்றில் நடுங்கும்.

கூட்டம் துணை ஆகுமா?

"சீசனில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். எப்படித் தனி ஆள் ஆவேன்?" என்று கேட்கலாம். பிப்ரவரி முதல் மே வரை அங்கே கூட்டம் உண்டு, உண்மை. ஆனால் மயங்கி விழுந்தவன் பெயர் அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? அவனுக்கு ரத்தக் கொதிப்பு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறான், வீட்டு போன் நம்பர் என்ன - யார் சொல்வது?

2024 மார்ச்சில் ஒரே நாளுக்குள் 3 பக்தர்கள் அந்த மலையில் பலியானார்கள். மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்தால் அங்கே ஆம்புலன்ஸ் ஏற முடியாது. டோலி கட்டி ஆட்கள்தான் தூக்கி வர வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் உயிர்!

கூட்டமாகப் போனால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்கள் கூட்டமாகத்தான் போனார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பாதைக்கு அனுமதி வாங்கவில்லை என்று அப்போது அரசு தரப்பில் சொன்னார்கள். அதாவது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தோணி நிறைய ஆள் இருந்தும் கயிறு பிடிக்க ஆள் இல்லாத கதை.

24 மணி நேரத்தில் 42 சிகரம்

வீரம் காட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் பாப் கிரகாம் என்பவர் 1932-ல் 24 மணி நேரத்துக்குள் 42 சிகரங்களைத் தொட்டுத் திரும்பினார். சுமார் 106 கிலோ மீட்டர்! அவருக்கும் வழித்துணைக்கு ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கும் அதே சாதனையைச் செய்து அந்தச் சங்கத்தில் சேர வேண்டுமானால், ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒரு சாட்சி இருக்க வேண்டும். 42 சிகரம் ஏறுகிறவனே துணை வைத்துக் கொள்கிறான். நம் ஆளுக்கு என்ன வெட்கம்?

என்ன செய்ய வேண்டும்?

செலவு ஒன்றும் இல்லை. கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுக்க வேண்டும்: எந்த மலை, எத்தனை மணிக்கு ஏறுகிறேன், எத்தனை மணிக்கு அடிவாரம் வருவேன், அதற்கு மேல் தகவல் இல்லையென்றால் யாருக்கு போன் போடுவது. ஒரு நேரம் குறித்துக் கொள்ள வேண்டும். அந்த நேரம் வந்தால் ஐந்தாவது மலையானாலும் சரி, ஆறாவது மலையானாலும் சரி, திரும்பி விட வேண்டும். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டு வரலாம். சாமி கோபிக்காது.

கோயில் திறப்பு இல்லாத மாதங்களில் திருட்டுத்தனமாக ஏறுவது அடியோடு கூடாது. வேறு மலைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, 2024 அக்டோபரில் அரசே வழிகாட்டிகளோடு 40 பாதைகளை அறிவித்தது. தூத்துக்குடிக்குத் தண்ணீர் தரும் பொதிகை உச்சிக்குக் கூட கேரளா பக்கம் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போகிறார்கள்.

வனத்துறைக்கும் அறநிலையத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அடிவாரத்தில் ஏறுகிறவர் பெயரை எழுதினால் மட்டும் போதாது. இறங்கியவர் பெயரை அடிக்கவும் வேண்டும். இருட்டிய பிறகு அடிபடாத பெயர் எத்தனை என்று ஒரு ஆள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆள்தான் தோணியில் நின்று கயிறு பிடிக்கிற மச்சான்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் "கோயிலுக்கு" என்ற ஒரு வார்த்தையோடு யாரையும் அனுப்பக் கூடாது. எந்தக் கோயில், எத்தனை மணி என்று கேட்டு வாங்கிக் கொண்டு அனுப்புங்கள்!