முதல் வரைவைப் புதிய நாவல் என்று விற்பதா?

ஓர் எழுத்தாளர் இளவயதில் எழுதி, பதிப்பாசிரியர் படித்து, இருவரும் பேசி முடிவெடுத்து ஒதுக்கிவைத்த கைப்பிரதி அது. 58 ஆண்டுகள் கழித்து அதை வெளியே எடுத்து, ‘புதிதாகக் கண்டெடுக்கப்பட்ட நாவல்’ என்று மேலுறையில் அச்சிட்டு, உலகமெங்கும் விற்றார்கள். ஹார்ப்பர் லீயின் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ 2015 ஜூலை 14 அன்று வெளிவந்த விதத்தைத்தான் சொல்கிறோம். அதை வெளியிட்டதற்காக நாம் யாரையும் குறை சொல்லவில்லை. அது இன்னதென்று வாசகரிடம் நேராகச் சொல்லாமல் வெளியிட்டதையும், பத்தாண்டுகள் கடந்த பின்னும் அந்தக் குறையைச் சரிசெய்யாமல் இருப்பதையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நடந்தது என்ன என்பதில் மயக்கத்துக்கு இடமே இல்லை. அலபாமா மாநிலத்தின் மன்ரோவில் என்ற சிற்றூரில் 1926இல் பிறந்த லீ, எழுத்தாளராகும் ஆசையோடு நியூயார்க் வந்து, விமான நிறுவனத்தில் முன்பதிவு எழுத்தராக வேலை பார்த்தார். 1956 கிறிஸ்துமஸ் அன்று நண்பர்களான பிரவுன் தம்பதியர், ஓராண்டு வேலைக்குப் போகாமல் எழுதுவதற்கான பணத்தை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1957 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ பக்கங்களை லீ பகுதி பகுதியாகத் தம் முகவர் மாரிஸ் கிரெயினிடம் ஒப்படைத்தார். அந்த வரவைக் குறித்த அட்டைகள், கிரெயினின் மனைவியும் முகவருமான ஆனி லாரி வில்லியம்ஸின் ஆவணங்களோடு கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. லிப்பின்காட் பதிப்பகத்துக்குப் போன கைப்பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், அதில் எழுத்துத் திறன் இருப்பதையும் நாவலுக்கான கட்டுக்கோப்பு இல்லாததையும் ஒருசேரக் கண்டார். நாயகி ஸ்கவுட்டின் சிறுவயது நினைவுகள் வரும் இடங்களே உயிரோடு இருக்கின்றன, அந்தச் சிறுமியின் கண் வழியாகவே கதையைச் சொல்லுங்கள் என்றார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப எழுதினார் லீ. இடையில் ‘அட்டிகஸ்’ என்று பெயர் மாறி, கடைசியில் 1960 ஜூலையில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ ஆக வெளிவந்தது. 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது. இன்றுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

ஆக, ‘வாட்ச்மேன்’ அந்த நாவலின் முதல் வரைவு. அதற்கு நூலுக்குள்ளேயே சான்றுகள் இருக்கின்றன. கதை நடக்கும் மேகோம் ஊரையும் அதன் குடும்பங்களையும் வருணிக்கும் சில பத்திகள் இரண்டிலும் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒன்றே. ‘மாக்கிங்பேர்ட்’டில் ஸ்கவுட்டின் தந்தையான வழக்கறிஞர் அட்டிகஸ் வாதாடியும் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகிறது, அந்த அநீதியைச் சுற்றித்தான் நாவலே நிற்கிறது. ‘வாட்ச்மேன்’ அதே போன்ற வழக்கைச் சில வரிகளில் சொல்லிப் போகிறது. அங்கே ஒரு கை இழந்த கறுப்பின இளைஞனுக்கு அட்டிகஸ் விடுதலை வாங்கித் தருகிறார். ‘வாட்ச்மேன்’ நெடுக வரும் ஹென்றி கிளின்டன் என்ற காதலன் ‘மாக்கிங்பேர்ட்’டில் இல்லவே இல்லை. ஒரு கதையின் தொடர்ச்சியில் முந்தைய பாகத்தின் தீர்ப்பு தலைகீழாக மாறுமா? மாறாது. எழுதுகிறவர் மனம் மாறிக் கதையை வேறாக்கினால்தான் இப்படி நடக்கும்.

இவையெல்லாம் ‘வாட்ச்மேன்’ நூலை வெளியிட்ட ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்துக்குத் தெரியாதவை அல்ல. 2015 பிப்ரவரியில் ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்ட அறிவிப்பிலேயே, சிறுமியின் பார்வையில் எழுதும்படி பதிப்பாசிரியர் சொன்னதை லீயின் அறிக்கை கூறுகிறது. நூலின் மேலுறையும் இது 1950களின் நடுவில் எழுதப்பட்டது, பதிப்பகத்துக்கு முதலில் தரப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. அதே மேலுறை, ‘மாக்கிங்பேர்ட்’ பாத்திரங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இதில் வருகிறார்கள் என்றும் சொல்கிறது. முதல் கூற்று வரைவு என்கிறது, இரண்டாவது கூற்று தொடர்ச்சி என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘வரைவு’ என்ற ஒரு சொல்லை மட்டும் எங்கும் எழுதாமல் விட்டார்கள். செய்தி முகமைகள் இதைத் தொடர்ச்சி என்றே உலகுக்கு அறிவித்தன. நூலுக்குள் முன்னுரை இல்லை, பின்னுரை இல்லை, பதிப்புக் குறிப்பும் இல்லை. முதல் அச்சு 20 லட்சம் பிரதிகள். வட அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்தில் 11 லட்சத்துக்கு மேல் விற்றன. அந்த 11 லட்சம் பேரில் எத்தனை பேர் தங்கள் கையில் இருப்பது ஒரு வரைவு என்று அறிந்து வாங்கியிருப்பார்கள்?

இதன் விளைவுகள் அற்பமானவை அல்ல. முதல் அநீதி வாசகருக்கு. நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பும் 26 வயது ஜீன் லூயிஸ் (ஸ்கவுட்டின் இயற்பெயர்), தன் தந்தை அட்டிகஸ் வெள்ளையர் ஆதிக்கத்தைக் காக்கக் கூடிய குடிமக்கள் மன்றத்தில் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறாள். நீதிமன்ற மாடத்திலிருந்து அவள் அதைப் பார்க்கிறாள். சிறுமியாக இருந்தபோது அவர் வாதாடியதைப் பார்த்ததும் அதே மாடத்திலிருந்துதான். இதைத் தொடர்ச்சி என்று நம்பிப் படித்தவர்களுக்கு, அரை நூற்றாண்டாக மதித்துவந்த மனிதர் முதுமையில் நிறவெறியர் ஆகிவிட்டார் என்றே பொருள்பட்டது. மகனுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்த பெற்றோர் மனம் நொந்தது செய்தியாயிற்று. அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த அட்டிகஸ் முதலில் எழுதப்பட்டவர், நீங்கள் அறிந்த அட்டிகஸ் பின்னால் எழுதப்பட்டவர். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதால் ஒரு தலைமுறை வாசகர்கள் தவறான துயரத்தைச் சுமந்தார்கள்.

இரண்டாவது அநீதி எழுத்தாளருக்கு. 30 வயதில், முதல் முயற்சியாக எழுதியதை, அவரே கடந்துபோன ஒன்றை, முதிர்ந்த நாவலுக்குப் பக்கத்தில் சமமாக நிறுத்தி மதிப்பெண் போட வைத்தார்கள். விமர்சகர்கள் கட்டுக்கோப்பு இல்லை என்றார்கள், உரையாடல் பிரசங்கமாக இருக்கிறது என்றார்கள். கட்டுக்கோப்பு இல்லை என்பதை 1957இலேயே ஹோஹாஃப் சொல்லிவிட்டார். லீயும் ஏற்று உழைத்துச் சரிசெய்துவிட்டார். சரிசெய்த குறைக்காக 89 வயதில் அவர் மீண்டும் ஒருமுறை விசாரிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 2016 பிப்ரவரியில், அவர் காலமானார்.

மூன்றாவது அநீதி இலக்கிய வரலாற்றுக்கு. இதுவே எல்லாவற்றிலும் பெரிய இழப்பு என்று கருதுகிறோம். முதல் வரைவு என்று அறிந்து படித்தால் ‘வாட்ச்மேன்’ எவ்வளவு அரிய ஆவணம்! பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மிசிசிப்பியில் வெள்ளையர்களின் குடிமக்கள் மன்றங்கள் முளைத்தன. 1955 டிசம்பரில் மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 1956 பிப்ரவரியில், லீ படித்த அதே அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆதரின் லூசி என்ற கறுப்பின மாணவி, கும்பல் வன்முறையைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்டார். இந்தக் கொதிப்பின் நடுவே, வழக்கறிஞரும் பத்திரிகை ஆசிரியருமான தந்தைக்குப் பிறந்த ஒரு தென்மாநிலப் பெண், தொலைவிலிருந்து தன் ஊரோடும் உறவோடும் மல்லுக்கு நின்ற பதிவு இது. அவர் முதலில் எழுதியது கோபம். பிறகு எழுதியது கதை. 1950களின் சண்டையை 1930களின் சிறுமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது நாவலுக்கு என்ன கிடைத்தது, எந்த உண்மை கைநழுவிப் போனது, எதைச் சொல்ல அன்றைய பதிப்புலகம் இடம் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். தொடர்ச்சி என்ற பெயர் இந்தக் கேள்விகள் அத்தனையையும் அடைத்துவிடுகிறது.

வேறு வழி இல்லாமல் இப்படிச் செய்தார்களா? வழி இருந்தது, முன்மாதிரியும் இருந்தது. ஜேம்ஸ் ஜாய்ஸ் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1944இல், ‘ஸ்டீபன் ஹீரோ’ வெளிவந்தது. ‘எ போர்ட்ரெயிட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’ நாவலின் முதல் வரைவில் எஞ்சிய பகுதி அது. அப்படித்தான் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டார்கள். ஹார்வர்டு நூலகக் கைப்பிரதியிலிருந்து பதிப்பித்த தியடோர் ஸ்பென்சர், முன்னுரையில் அதன் வரலாற்றைச் சொன்னார். போர்க்காலத்தில், காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவே செய்ய முடிந்ததை 2015இல் ஏன் செய்ய முடியவில்லை? ஜேன் ஆஸ்டின் 11 வயது முதல் 17 வயது வரை மூன்று குறிப்பேடுகளில் எழுதிய சிறுகதைகளும் இளமைக்கால எழுத்துகள் என்ற பெயரிலேயே, எழுத்துப் பிழைகள் உட்பட, பதிப்பிக்கப்பட்டுள்ளன. அதனால் ஆஸ்டினின் புகழ் குறையவில்லை. அவரை இன்னும் நெருக்கமாக அறியத்தான் அவை உதவின.

மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் பிரில்லியன்ட் புக்ஸ் என்ற சிறிய புத்தகக் கடை, ‘ஸ்டீபன் ஹீரோ’வை உதாரணம் காட்டி, இது தொடர்ச்சியும் இல்லை, புதிய நாவலும் இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஒரு சிற்றூர்க் கடைக்காரருக்கு இருந்த பொறுப்பு உலகின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்றுக்கு இல்லாமல் போனது வெட்கக்கேடு.

எதிர்வாதங்களை நாம் அறிவோம். லீ சம்மதித்தார் என்பார்கள். முதியவர் வற்புறுத்தப்பட்டாரா என்று அலபாமா மாநில அதிகாரிகள் விசாரித்து, புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள், அதை ஏற்கிறோம். வெளியிட அவர் தந்த சம்மதம், நூலின் தன்மையை மறைக்கப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்த உரிமை ஆகாது. லீ தம் நாவலுக்கு முன்னுரை வேண்டாம் என்று 1990களில் கேட்டுக்கொண்டவர், அதனால்தான் இதற்கும் முன்னுரை இல்லை என்றும் சொல்லக்கூடும். வாசகரின் முதல் வாசிப்புக்கு இடையூறு வேண்டாம் என்பது அவர் விருப்பமானால், பின்னுரையாகப் போடுவதில் என்ன தடை? எழுத்தாளர் எழுதியதை எழுதியபடியே தந்தோம் என்பது இன்னொரு வாதம். எழுதியபடி தருகிறவர்கள், எப்போது எழுதியது, எந்தப் படியிலிருந்து எடுத்தது என்பதையும் தர வேண்டும். அதைச் சொல்லாதபோது அந்த வாதம் அரைகுறை நேர்மை.

கைப்பிரதி கிடைத்த கதையும் தெளிவாக இல்லை. 2014இல் தாம் கண்டெடுத்ததாக லீயின் வழக்கறிஞர் கூறினார். 2011இலேயே ஏல நிறுவன நிபுணர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அப்போது அது தமக்குத் தெரியவரவில்லை என்று வழக்கறிஞர் மறுத்தார். யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலை அல்ல. இப்படிப்பட்ட முரண்பாடு எழுந்த பிறகும், நூலுக்குள் அதன் பிறப்பிடம் பற்றி ஒரு பக்கம்கூடச் சேர்க்காதது பொறுப்பின்மை.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2025 அக்டோபரில் இதே பதிப்பகம் ‘தி லேண்ட் ஆஃப் ஸ்வீட் ஃபாரெவர்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. ‘மாக்கிங்பேர்ட்’டுக்கு முந்தைய ஆண்டுகளில் லீ எழுதி அச்சேறாத எட்டுச் சிறுகதைகளும், முன்பே வெளிவந்த எட்டுக் கட்டுரைகளும் அதில் உள்ளன. சிறுகதைகள் ஆரம்பகால எழுத்துகள் என்று அறிவித்தார்கள். எழுத்தாளர் கேசி செப் முன்னுரை எழுதினார். இதை வரவேற்கிறோம். ஒரு நூலுக்குக் காட்டிய நேர்மையை முந்தைய நூலுக்கு மறுக்க இனி எந்தக் காரணமும் இல்லை. செய்யத் தெரியும் என்று அவர்களே நிரூபித்துவிட்டார்கள்.

ஆகவே ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்தையும், பிரிட்டனில் இந்நூலை வெளியிட்ட பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் குழுமத்தையும், லீயின் எழுத்துரிமையை நிர்வகிப்பவர்களையும் நோக்கி நம் கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: அடுத்த அச்சிலிருந்தே ‘வாட்ச்மேன்’ தலைப்புப் பக்கத்திலும் மேலட்டையிலும், ‘டு கில் எ மாக்கிங்பேர்ட் நாவலின் முதல் வரைவு, 1957’ என்று அச்சிட வேண்டும். மின்னூலிலும் ஒலிநூலிலும் இதே விவரம் இடம்பெற வேண்டும்.

இரண்டு: எழுதிய காலம், ஹோஹாஃபின் பங்கு, கைப்பிரதி கிடைத்த வரலாறு, அதுபற்றிய முரண்பட்ட கூற்றுகள் ஆகியவற்றை விளக்கும் பின்னுரை சேர்க்கப்பட வேண்டும்.

மூன்று: இரண்டு நூல்களின் பொதுப் பத்திகளை எதிரெதிரே வைத்து ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வுப்பதிப்பு ஒன்று வர வேண்டும். அதற்கு ஆதாரமான மூலத் தட்டச்சுப்படி, ஆய்வாளர் எவரும் பார்க்கும்படி நூலகத்தில் இருக்க வேண்டும்.

நான்கு: புத்தகக் கடைகளும் நூலகங்களும் இதழ்களும் தங்கள் பட்டியல்களிலும் மதிப்புரைகளிலும் ‘தொடர்ச்சி’, ‘இரண்டாம் பாகம்’ என்ற குறிப்புகளை நீக்க வேண்டும். இந்தக் கடமை நம்மையும் சேர்த்து எல்லா இதழ்களுக்கும் உண்டு.

புகழ்பெற்ற நாவலாசிரியர்களின் ஆரம்பகால எழுத்துகள் இனியும் பெட்டிகளிலிருந்தும் பரண்களிலிருந்தும் வெளிவரும். அவை வர வேண்டும். வாசகர்கள் படிக்க வேண்டும். ஒரு பெரிய படைப்பு எத்தனை முறை தவறிப் பிறகு தேறியது என்று காட்டுவதைவிட இளம் எழுத்தாளருக்கு நல்ல பாடம் வேறில்லை. தவறிய வடிவத்தைத் தேறிய வடிவம் போல விற்றால் அந்தப் பாடம் போய்ச் சேராது. ‘வாட்ச்மேன்’ விஷயத்தில் செய்த பிழையைத் திருத்த அச்சில் சில வரிகளும் சில பக்கங்களும் போதும். அதற்கு இனி ஒரு பதிப்புகூடத் தாமதிக்கக் கூடாது.