பேச வைப்பதற்குச் சம்பளம்



படித்த பெண் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாளே என்று தாய்மார்கள் கவலைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது, வீட்டில் இருந்துகொண்டே சம்பாதிக்கிறாளே, இது நிலைக்குமா என்று கவலைப்படுகிறார்கள். இந்த ஆண்டில் மட்டும் எங்கள் மாசாய் வட்டாரத்துத் தாய்மார்கள் மூவர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். மூன்றாமவர் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்.

“சார், மகளுக்கு ஆசிரியர் கல்விக் கழகத்துல இடம் கெடைச்சிருக்கு. போக மாட்டேன்னு நிக்கிறா. ராத்திரி ஆனா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து யாரோ வெளிநாட்டுக்காரங்ககிட்ட இங்கிலீஷ் பேசுறா. மாசம் ரெண்டாயிரம் வெள்ளி வருது. பால்மரம் வெட்டுன எங்கப்பா கண்ணால பாக்காத காசு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

அந்தப் பெண் என்னிடம் ஆறாண்டு படித்தவள். என்ன வேலை என்று பார்க்காமல் பதில் சொல்வது முறையாகாது அல்லவா? அவளுடைய மாணவரின் சம்மதத்தையும் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் இரவு அருகில் அமர்ந்து ஒரு பாடத்தைக் கவனித்தேன்.

இரவு ஒன்பது மணி. மறுமுனையில் துருக்கி நாட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர். அங்கே மாலை நான்கு மணி. புத்தகம் இல்லை, இலக்கணப் பயிற்சி இல்லை, கரும்பலகையும் இல்லை. “இந்த வாரம் என்ன செய்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். அவர் தடுமாறினார். அவள் குறுக்கே போகவில்லை. “ஐ கோ மை வில்லேஜ் எஸ்டர்டே” என்றார். தப்பு என்று அவள் சொல்லவில்லை. முகம் மலர, “ஓ, யூ வென்ட் டு யுவர் வில்லேஜ்! ஹூ வாஸ் தேர்?” என்று கேட்டாள். அவர் உடனே, “எஸ், ஐ வென்ட்...” என்று தொடங்கிப் பாட்டி வீடு, ஆட்டுக்குட்டி, அத்தை மகள் கல்யாணம் என்று போய்க்கொண்டே இருந்தார். அவள் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அவர் அடிக்கடி செய்த பிழைகளில் மூன்றை மட்டும் அதில் குறித்துக்கொண்டாள். கடைசி மூன்று நிமிடத்தில் அந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்து, அவரையே திரும்பச் சொல்ல வைத்தாள். இருபத்தைந்து நிமிடப் பாடத்தில் அவள் பேசியது ஏழெட்டு நிமிடம் இருந்தால் அதிகம்.

இதுதான் அந்த வேலை. ஆங்கிலம் பேசுவதற்குச் சம்பளம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அடுத்தவரைப் பேச வைப்பதற்குத்தான் சம்பளம். எதிரில் இருப்பவருக்கு இலக்கணம் ஓரளவு தெரியும்; பள்ளியில் பத்தாண்டு படித்திருப்பார். வாயைத் திறக்கத்தான் கூச்சம். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் புதிதா என்ன? அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஆங்கிலம் துரையின் பங்களாவுக்கும் கிராணியின் மேசைக்கும் இடையிலேயே நடமாடிய மொழி. பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு அது காதில் விழுந்ததே தவிர, வாயில் வரவில்லை. அதைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு, தடுமாறுகிறவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று சட்டென்று புரிகிறது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது அவ்வளவு விரைவில் புரியாது என்பது என் எண்ணம்.

இதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடமே நடந்த ஒரு சோதனை உண்டு. சுகதா மித்ரா என்ற இந்தியக் கல்வி ஆய்வாளர் 1999-ல் புதுடில்லியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்து, தெருப் பிள்ளைகள் அதைத் தாமாகவே இயக்கக் கற்றுக்கொள்வதைக் காட்டிப் பெயர் பெற்றவர். பிறகு அவர் தென்னிந்தியாவில் களிக்குப்பம் என்ற சிற்றூருக்குப் போனார். தமிழ் மட்டும் பேசும் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம், உயிரணுவின் மரபுக்கூறு பற்றிய ஆங்கிலப் பாடங்களைக் கணினியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சில மாதம் கழித்துச் சோதித்தபோது பிள்ளைகள் சுமார் முப்பது விழுக்காடு பெற்றார்கள். அதன் பிறகு, அந்தப் பாடத்தைப் பற்றி ஒன்றுமே அறியாத ஓர் இளம்பெண்ணை அவர்களோடு இருக்கச் சொன்னார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு பாட்டி செய்வதைப் போல, பின்னால் நின்றுகொண்டு, “அடேயப்பா, இது எப்படி? இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்” என்று வியந்து கேட்பதுதான். மதிப்பெண் ஐம்பதை எட்டியது. இந்த ஆய்வு 2010-ல் அச்சில் வந்தது. அதற்கு முன்பே, 2009-ல், பிரிட்டனைச் சேர்ந்த தொண்டர்களை, அவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர், இணையம் வழியாக இந்தியப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதை பேச வைத்தார் மித்ரா. ஆசிரியரே வேண்டாம் என்கிற அளவுக்கு அவர் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பிழைப்பு அதில் இருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கேட்கிற காது இருந்தால் பேசுகிற வாய் திறக்கும் என்பதற்குக் களிக்குப்பம் போதும்.

ஆக, வேலை நல்ல வேலை. நம் பெண்களால் முடிகிற வேலை. இனி அந்த இரண்டாயிரம் வெள்ளிக்கு வருவோம்.

இந்தத் தொழிலில் நமக்கு முன்னே சென்றவர்கள் பிலிப்பைன்ஸ் மக்கள். ஜப்பானின் ரேர்ஜாப் நிறுவனம் 2007-லேயே பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களை வைத்து, ஜப்பானியருக்கு இருபத்தைந்து நிமிட உரையாடல் பாடங்களை விற்கத் தொடங்கிவிட்டது. பெயர்தான் உரையாடல், சந்தை என்னவோ பாசார் மாலாம் போலத்தான். ஒரே பொருளுக்கு, விற்கிறவர் யார் என்பதைப் பார்த்து விலை. அமெரிக்காவின் காம்ப்ளி நிறுவனம் நிமிடத்துக்கு 17 சென்ட், அதாவது மணிக்கு 10 டாலர் 20 சென்ட் என்று பல ஆண்டுகள் கொடுத்து வந்தது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் வேண்டும் என்றுதான் அது விளம்பரம் செய்தது. மற்ற நாட்டவர் அதே பாடத்தை நடத்தினாலும் குறைந்த கட்டணம் போட்டால்தான் மாணவர் வருவார் என்பது நிலைமை. இது நியாயமில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

வேறு சில தளங்களில் கட்டணத்தை நாமே வைக்கலாம். தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிரெப்ளி என்ற தளம் வெளியிட்டிருந்த கணக்கின்படி, புதிய மாணவரின் முதல் சோதனைப் பாடத்துக்கான கட்டணம் முழுவதும் தளத்துக்கே போய்விடும். அடுத்த பாடங்களில் 33 விழுக்காடு பிடிப்பார்கள். 400 மணி நேரத்துக்கு மேல் நடத்தி முடித்தவருக்கு அது 18 விழுக்காடாகக் குறையும். மணிக்கு 10 டாலர் என்று வைத்தால் புதியவர் கைக்கு வருவது 6 டாலர் 70 சென்ட். டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 26 வெள்ளி 80 காசு. இரண்டாயிரம் சேர 75 மணி நேரம் பேச வேண்டும். மாதத்தில் இருபத்தைந்து இரவு, இரவுக்கு மூன்று மணி நேரம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. 75 மணி நேரத்தில் இரண்டாயிரம் என்றால் அதைவிடச் சிறப்புத்தானே என்று பிள்ளை கேட்பாள். கேட்கட்டும். தொழிற்சாலையில் 1,700 வெள்ளி வாங்கும் தாய்க்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது மாதம் 221 வெள்ளி, ஊழியர் சேமநிதியில் தனியாகப் போடுகிறார். சொக்சோ இருக்கிறது. காய்ச்சல் என்றால் மருத்துவ விடுப்பு இருக்கிறது. மகளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைக்கு வரும்படி கிடையாது. மழையில் இணையம் அறுந்தாலும் அதே கதைதான்.

அதைவிடப் பெரிய கதை 2021-ல் நடந்தது. வி.ஐ.பி. கிட் என்ற சீன நிறுவனம் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தர அமெரிக்க, கனடிய ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் வைத்திருந்தது. அவர்களில் பலர் விடியற்காலையில் எழுந்து வீட்டுச் சமையலறையிலிருந்தே பாடம் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். 2021 ஜூலையில் சீன அரசு, பிள்ளைகளின் பாடச் சுமையைக் குறைப்பதற்காக ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்துச் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் அதில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே நிறுவனம் அத்தகைய புதிய பாடங்களை விற்பதை நிறுத்தியது. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களை நம்பியிருந்த ஃபிப்டி ஒன் டாக் என்ற நிறுவனமும் சீனாவை விட்டு வேறு நாடுகளைத் தேடிப் போயிற்று. எந்த ஆசிரியரும் தவறு செய்யவில்லை. எங்கோ ஒரு தலைநகரில் போட்ட கையெழுத்து, கடல் தாண்டி இருந்தவர்களின் வரும்படியை நிறுத்திவிட்டது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீட்டைக் காலி செய்யுங்கள் என்ற நோட்டீசைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் நான் சொன்ன பதில் இது: கல்விக் கழகத்து இடத்தை விடச் சொல்லாதீர்கள். அந்த இடம் அடுத்த ஆண்டும் காத்திருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. துருக்கி மாணவர்கள் அடுத்த ஆண்டும் ஆங்கிலம் கற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். கழகத்தின் விதி இடம் கொடுத்தால், விடுமுறை இரவுகளில் இரண்டொரு மாணவரை வைத்துக்கொள்ளட்டும். இப்போது அவள் கற்றிருக்கும் பொறுமை, வகுப்பறைக்குப் போகும்போது அவளுக்கு நல்ல மூலதனம்.

அப்படியானால் இந்த வேலை யாருக்குப் பொருந்தும்? எஸ்.பி.எம். முடிவுக்காகக் காத்திருந்து, பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைக்குப் பொருந்தும். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் படித்த தாய்க்கும், ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும், கால் முடியாமல் வெளியே போக இயலாதவருக்கும் பொருந்தும். இப்படி இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் சேமநிதி அலுவலகத்தில் ஐ-சாரான் திட்டத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர் தாமாகப் போடும் சந்தாவுக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, சேர்த்துத் தரும் என்று 2025-ஆம் ஆண்டுக்கு அறிவித்தார்கள். சிறுவாடு சேர்க்கத் தெரிந்த நம் பெண்களுக்கு அது பெரிய காரியமல்ல. வருமான வரிப் பாரத்திலும் இந்த வரும்படியைக் காட்ட வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளைக்காரர் போலப் பேச வேண்டியதில்லை. எதிரே இருப்பவருக்கு விளங்கினால் போதும். ஆனால் “த்ரீ” என்பதை “ட்ரீ” என்று சொல்லி, மூன்றை மரமாக்கும் மலேசியப் பழக்கத்தை விட்டாக வேண்டும். “கேன் லா” நமக்குள் இனிக்கும். காசு கொடுத்துக் கற்பவருக்குக் குழப்பம். தினமும் பத்து நிமிடம் உரக்கப் படித்து, கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் போதும், திருந்திவிடும்.

பெண் பிள்ளைகள் ஒன்றை மனத்தில் கொள்ளட்டும். பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி உட்காருங்கள். வீட்டு விலாசம், தொலைபேசி எண், படிக்கும் பள்ளி ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். மாணவர் அநாகரிகமாகப் பேசினால், மதிப்பெண் குறைத்துப் போட்டுவிடுவாரே என்று பயந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். அழைப்பை அங்கேயே துண்டித்துவிட்டுத் தளத்தில் புகார் செய்யுங்கள். முதல் சில வாரமாவது கதவைத் திறந்து வைத்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்து அறையில் இருப்பது நல்லது.

அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களான என் சக ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. 1993-ஆம் ஆண்டுப் பொது ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி, வெளி வேலை செய்ய முன் அனுமதி வேண்டும். பாடம் கேட்பவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதால் விதி மாறிவிடாது. தலைமையாசிரியரிடம் முறைப்படி எழுதிக் கேளுங்கள்.

வேலை தருகிறோம், பதிவுக் கட்டணமாக முந்நூறு வெள்ளி கட்டுங்கள் என்று கைப்பேசியில் செய்தி வந்தால், அழித்துவிடுங்கள். பாடம் நடத்தினால்தான் பங்கு என்பது ஒழுங்கான தளத்தின் வழக்கம். “உங்கள் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறோம், மற்றொருவருக்கு மாற்றி விடுங்கள்” என்று கேட்டால் அது திருட்டுப் பணம். கணக்கை இரவல் கொடுத்த பிள்ளைதான் முதலில் போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டிவரும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022-ல் அரசாங்கம் தொடங்கிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது.