துப்பாக்கியை ஒப்படை என்பதற்குக் காரணம் எங்கே?

தேர்தல் தேதி வெளியானதும் பல மாவட்டங்களில் அந்த வழக்கமான உத்தரவும் வந்துவிடுகிறது: உரிமம் பெற்ற துப்பாக்கிகள் அனைத்தையும் உடனே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் விலக்கு உண்டு. காட்டோரத்து விவசாயிக்கு இல்லை. அவர்மீது என்ன சந்தேகம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இந்தப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல. அமெரிக்காவைப் போல இங்கும் கடைதோறும் துப்பாக்கி விற்க வேண்டும் என்று நாம் ஒருபோதும் கேட்க மாட்டோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கடுமையானது; கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் அது மாவட்ட ஆட்சியரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. காவல்துறை விசாரித்து அறிக்கை தந்த பிறகே ஒருவருக்கு உரிமம் கிடைக்கிறது. அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ நினைத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது 17ஆவது பிரிவு. ஊருக்கே பொதுவாகப் போடும் ஒரு சுற்றறிக்கையில் எவருக்கான காரணம் இருக்கிறது?

2009இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தேர்தல் ஆணையமும் அதை ஏற்று நெறிமுறை வகுத்தது. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய பரிசீலனைக் குழு ஒவ்வொரு உரிமத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்; ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரங்களில் ஈடுபட்டவர் போன்றோரிடமிருந்து வாங்கி வைக்கலாம். 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வும் பொத்தாம்பொதுவான உத்தரவு கூடாது என்றே சொன்னது. ஒரே விஷயத்தை நீதிமன்றங்கள் எத்தனை முறை சொல்ல வேண்டும்? கோப்புகளைப் புரட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டு, எல்லோரையும் சந்தேகத்துக்குரியவர்களாக்குவது நிர்வாகம் அல்ல, அத்துமீறல்.

இதன் விலையைக் கொடுப்பவர் விவசாயி. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. சுடவேண்டியவர்கள் உரிமம் உள்ளவர்கள்தாம். அவர்களுடைய துப்பாக்கி காவல் நிலையத்தில் கிடந்தால் அந்த அனுமதி எதற்கு? 2024 மக்களவைத் தேர்தலில் அறிவிப்பு வந்தது மார்ச் 16. கேரளம் வாக்களித்தது ஏப்ரல் 26. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. இரண்டரை மாதம் மரவள்ளியும் வாழையும் பன்றிக்குத்தான்.

தேர்தலில் மிரட்டக் கிளம்புகிறவன் உரிமம் வாங்கிவிட்டா வருகிறான்? கள்ளத் துப்பாக்கி எந்தக் காவல் நிலையத்துக்கும் தானாக நடந்து வராது. காவல்துறை தேட வேண்டியது அதைத்தான்.

தேர்தல் ஆணையம் தன் நெறிமுறையை மீறும் ஆட்சியர்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். அடுத்த தேர்தலுக்கு முன்பே மாவட்டந்தோறும் பரிசீலனைக் குழு கூட வேண்டும். துப்பாக்கியை வாங்கும்போது, உரிமதாரரின் பெயரும் காரணமும் கொண்ட எழுத்துபூர்வ உத்தரவு அவர் கையில் தரப்பட வேண்டும். அப்படி உத்தரவு இல்லாதவரை அலைக்கழிக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கிடையாது.